அம்மாவா, அப்பாவா? விவாகரத்தில் பிள்ளையின் குரல் எங்கே கேட்கிறது?

"உனக்கு அம்மாவைப் பிடிக்குமா, அப்பாவைப் பிடிக்குமா?"

நம் வீடுகளில் மூன்று வயதுப் பிள்ளையைப் பார்த்தால் யாராவது ஒருவர் இதைக் கேட்காமல் விடமாட்டார். சித்தி கேட்பார், எதிர்வீட்டுப் பாட்டி கேட்பார். கெட்டிக்காரப் பிள்ளை "ரெண்டு பேரையும்" என்று சொல்லிவிட்டு ஓடிவிடும். எல்லாரும் சிரிப்பார்கள்.

பெற்றோர் பிரியும் நேரத்தில் அதே கேள்வி வந்தால் யாரும் சிரிப்பதில்லை. "சொல்லு, நீ யார்கூட இருக்கப் போற?" என்று கேட்பவருக்கு "ரெண்டு பேர்கூடவும்" என்ற பதில் போதாது. அம்மாவின் பெயரைச் சொன்னால் அப்பாவின் முகம் வாடும். அப்பாவின் பெயரைச் சொன்னால் அம்மா அழுவார். பத்து வயதுப் பிள்ளைக்கு இது தெரியாமல் இல்லை.

சிங்கப்பூர்ச் சட்டம் இதில் என்ன சொல்கிறது? பிள்ளை சொல்வதைக் கேட்கவேண்டும் என்கிறது. ஆனால் தேர்ந்தெடுக்கும் பொறுப்பைப் பிள்ளையின் தலையில் கட்டவில்லை. இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். குடும்ப நீதிமன்றத்தில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரியது.

"பிள்ளை யாருக்கு?"

இப்படித்தான் நாம் கேட்டுப் பழகியிருக்கிறோம். வீடு யாருக்கு, நகை யாருக்கு, பிள்ளை யாருக்கு. சட்டம் பிள்ளையை அந்தப் பட்டியலில் வைக்கவில்லை.

முஸ்லிம் அல்லாதோரின் திருமணத்துக்கும் விவாகரத்துக்கும் அடிப்படை, 1961ஆம் ஆண்டின் மாதர் சாசனம். பிள்ளையைப் பற்றி முடிவெடுக்கும்போது பிள்ளையின் நலனே எல்லாவற்றுக்கும் மேலானது என்று அது சொல்கிறது. அதற்குக் கட்டுப்பட்டுத்தான் பெற்றோரின் விருப்பத்தையும், சுயமாகக் கருத்துச் சொல்லும் வயதில் பிள்ளை இருந்தால் பிள்ளையின் விருப்பத்தையும் நீதிமன்றம் கவனிக்கவேண்டும். வரிசையைப் பாருங்கள். முதலில் நலன். பிறகுதான் விருப்பங்கள், அது யாருடைய விருப்பமாக இருந்தாலும். சிறார் காப்பாளர் தொடர்பான 1934ஆம் ஆண்டுச் சட்டமும் இதே கொள்கையில்தான் நிற்கிறது.

நலன் என்றால் பணமா? பணம் மட்டுமில்லை. கூடுதலாகச் சம்பாதிப்பவர் பக்கம் தராசு தானாகச் சாய்ந்துவிடாது. இதுவரை பிள்ளையை யார் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்பினார், காய்ச்சல் வந்தபோது யார் விடுப்பு எடுத்தார், பிள்ளையின் அன்றாடம் எவ்வளவு குறைவாகக் குலையும், யாரிடம் பாதுகாப்பாக இருக்கும், மற்றவரோடு உறவு தொடர யார் உதவுவார் போன்றவை எல்லாம் சேர்ந்துதான் நலன்.

கணவன், மனைவி இருவரில் யார் தவறு செய்தார் என்பதும் தனியாக இதைத் தீர்மானிப்பதில்லை. நல்ல கணவராக இல்லாத ஒருவர் நல்ல தகப்பனாக இருக்கலாம். மனைவிக்கும் அப்படியே. கோபத்தில் இருப்பவர்களுக்கு இது எளிதில் செரிக்காது.

மூன்று சொற்கள், பெரிய குழப்பம்

"எனக்குத்தான் கஸ்டடி கிடைச்சுது" என்று ஒருவர் சொன்னால், பெரும்பாலும் அவர் சொல்லவருவது வேறு.

கஸ்டடி என்பது பிள்ளையின் வாழ்க்கையில் வரும் பெரிய முடிவுகளை எடுக்கும் உரிமை. எந்தப் பள்ளி, எந்தச் சமயம், பெரிய அறுவைச் சிகிச்சை வேண்டுமா வேண்டாமா போன்றவை. 2005ஆம் ஆண்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதில் முக்கியமான தீர்ப்பு ஒன்றை வழங்கியது. ஒருவருக்கு மட்டும் கஸ்டடி தருவது விதிவிலக்கான சூழலில்தான் என்று அது தெளிவுபடுத்தியது. திருமணம் முடிந்தாலும் பெற்றோர் பொறுப்பு முடிவதில்லை என்பதே அதன் அடிப்படை. ஆகவே வழக்கமாக இருவருக்கும் சேர்த்தே கஸ்டடி. சில வழக்குகளில் கஸ்டடி பற்றி உத்தரவே இருக்காது. அப்போதும் பொறுப்பு இருவருடையதே.

கேர் அண்ட் கண்ட்ரோல் என்பது அன்றாடப் பராமரிப்பு. பிள்ளை யார் வீட்டில் தூங்கி எழுகிறது, யார் வீட்டுப்பாடம் பார்க்கிறார், யார் பல் மருத்துவரிடம் அழைத்துப் போகிறார். பெரும்பாலும் இது ஒருவருக்குக் கொடுக்கப்படும். இருவரும் பகிர்ந்துகொள்ளும் உத்தரவும் உண்டு. ஆனால் பகிர்வதுதான் எப்போதும் சிறந்தது என்று நீதிமன்றம் முன்கூட்டியே எடுத்துக்கொள்வதில்லை. ஒரே வட்டாரத்தில் வசித்து, சண்டையில்லாமல் பேசிக்கொள்ளும் பெற்றோருக்குப் பொருந்தும் ஏற்பாடு, உட்லண்ட்ஸுக்கும் பிடோக்குக்கும் இடையே பிள்ளையைப் பை தூக்க வைக்கும் பெற்றோருக்குப் பொருந்தாது.

அக்ஸஸ் என்பது, பிள்ளை யாருடன் வசிக்கவில்லையோ அவரோடு செலவிடும் நேரம். வார இறுதியா, புதன்கிழமை இரவு உணவா, பள்ளி விடுமுறையில் பாதியா, இரவு தங்கலாமா என்பதெல்லாம் உத்தரவில் வரும். தீபாவளியைக்கூடக் காலை ஒருவர், மாலை ஒருவர் என்று பிரித்து எழுதலாம்.

இந்த மூன்றையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் "எனக்குக் கிடைக்கல, நான் தோத்துட்டேன்" என்று ஒருவர் ஒதுங்கிவிடுகிறார். அவர் தோற்கவில்லை. பிள்ளையின் பள்ளியை மாற்ற வேண்டுமென்றால் இப்போதும் அவரைக் கேட்டாகவேண்டும். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். சில சண்டைகளுக்குப் பின்னால் வீவக வீடு இருக்கிறது. விவாகரத்துக்குப் பிறகு வீடு வாங்கவோ வைத்துக்கொள்ளவோ விண்ணப்பிக்கும்போது பிள்ளையின் அன்றாடப் பராமரிப்பு யாரிடம் என்பது கேட்கப்படும். பிள்ளைக்காகப் போராடுவதாகத் தொடங்கி எங்கேயோ வீட்டுக்காகப் போராடுவதாக அது மாறிவிடும்.

நீதிபதி பிள்ளையிடம் எப்படிப் பேசுவார்?

"12 வயசாயிடுச்சுன்னா பிள்ளையே முடிவு பண்ணிக்கலாம்." இதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அப்படி ஒரு வயது சட்டத்தில் இல்லை. ஏழு வயதுப் பிள்ளை சொல்வதையும் நீதிமன்றம் கேட்கலாம். பதினைந்து வயதுப் பிள்ளை சொல்வதற்கு மாறாகவும் முடிவெடுக்கலாம். வயது ஏற ஏற, முதிர்ச்சி கூடக் கூட, பிள்ளையின் சொல்லுக்கு எடை கூடும். அவ்வளவுதான்.

1995ஆம் ஆண்டில் சிங்கப்பூர் இணைந்த ஐநா சிறார் உரிமை உடன்பாடும் இதையேதான் சொல்கிறது. தன்னைப் பாதிக்கும் விவகாரங்களில் கருத்துச் சொல்லும் உரிமை பிள்ளைக்கு உண்டு. வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அதற்கு மதிப்பளிக்கவேண்டும் என்பது அதன் 12ஆவது பிரிவு.

நடைமுறையில் மூன்று வழிகள் இருக்கின்றன. நீதிபதியே பிள்ளையைத் தம் அறையில் சந்தித்துப் பேசலாம். பெற்றோர் அங்கே இருக்கமாட்டார்கள். அவர்களுடைய வழக்கறிஞர்களும் இருக்கமாட்டார்கள். திரைப்படத்தில் வருவதுபோல் கூண்டில் ஏற்றி, "அம்மாவா அப்பாவா" என்று எல்லார் முன்னிலையிலும் கேட்கும் வழக்கம் இங்கே இல்லை.

இரண்டாவது, நீதிமன்றத்தின் நிபுணர்கள் தயாரிக்கும் அறிக்கை. ஆலோசகர், சமூக ஊழியர், மனோவியல் நிபுணர் போன்றோர் பிள்ளையிடமும் பெற்றோரிடமும் பேசி, அவர்கள் பழகும் விதத்தைக் கவனித்து எழுதுவார்கள். அது நீதிபதிக்கானது. பெற்றோரிடம் கொடுப்பதில்லை. ஏன் என்று யோசித்தால் புரியும். "நீ என்னைப் பத்தி இப்படிச் சொன்னியா?" என்று அன்றிரவே வீட்டில் விசாரணை நடந்தால், அடுத்தமுறை எந்தப் பிள்ளை வாய் திறக்கும்?

மூன்றாவது, பிள்ளைக்கென்று ஒரு பிரதிநிதி. பெற்றோர் கடுமையாக மோதிக்கொள்ளும் வழக்குகளில் நீதிமன்றம் ஒரு வழக்கறிஞரை நியமிக்கலாம். அவர் அம்மாவின் ஆளும் இல்லை, அப்பாவின் ஆளும் இல்லை. பிள்ளை என்ன விரும்புகிறது என்பதையும், பிள்ளைக்கு எது நல்லது என்று தாம் கருதுகிறார் என்பதையும் அவர் நீதிமன்றத்தில் சொல்வார். சிலசமயம் இரண்டும் வேறுவேறாக இருக்கும். இரண்டையும் அவர் சொல்லவேண்டும்.

பதிலைவிடக் காரணம்தான் முக்கியம் என்பதை இங்கே கவனியுங்கள். "அப்பா வீட்டுல இருக்கேன்" என்று இரண்டு பிள்ளைகள் சொல்வதாக வைத்துக்கொள்வோம். ஒருவனுக்குக் காரணம், அப்பா கைப்பேசியைப் பிடுங்கமாட்டார், துணைப்பாட வகுப்புக்கு அனுப்பமாட்டார். இன்னொருவனுக்குக் காரணம், அம்மாவின் வீட்டில் இரவில் பயமாக இருக்கிறது. பதில் ஒன்றுதான். எடை ஒன்றில்லை.

சொல்லிக்கொடுத்த பதில், சொல்ல முடியாத பதில்

எட்டு வயதுப் பிள்ளை வந்து "அப்பா மெயின்டனன்ஸ் கட்டல, ஆர்டரை மதிக்கல" என்று சொன்னால், அந்தச் சொற்கள் எங்கிருந்து வந்தன என்று யாருக்கும் கேட்கத் தோன்றும். பிள்ளையை அழவைத்துப் பதிவுசெய்த காணொளி, இரவு பதினோரு மணிக்குப் பிள்ளையை எழுதவைத்த வாட்ஸ்அப் செய்தி ஆகியவை நீதிமன்றத்தில் எதிர்பார்த்த பலனைத் தராமல் போகலாம். பதிவு செய்தவரைப் பற்றியும் அவை நிறையச் சொல்லிவிடும்.

ஆனால் இதன் மறுபக்கம் அவ்வளவு எளிதில்லை. பிள்ளை ஒருவரைப் பார்க்க மறுத்தால், "இவதான் சொல்லிக்கொடுத்திருப்பா" என்று உடனே முடிவுகட்டுவதும் ஆபத்து. உண்மையான பயமும் இருக்கலாம். அல்லது யாரும் எதையும் சொல்லிக்கொடுக்காமலே, தினமும் அழும் அம்மாவைப் பார்த்து, அப்பாவோடு சிரித்துப் பேசினால் துரோகம் என்று பிள்ளையே நினைத்துக்கொண்டிருக்கலாம். மூன்றும் வெளியில் ஒரேமாதிரிதான் தெரியும்: கதவைச் சாத்திக்கொண்டு "போகமாட்டேன்" என்று நிற்கும் பிள்ளை. இவற்றைப் பிரித்தறிவதுதான் சமூக ஊழியர்களின் வேலையில் மிகக் கடினமான பகுதி என்று எனக்குத் தோன்றுகிறது. அரைமணி நேரச் சந்திப்பில் அது முடியாது.

தேவைப்பட்டால், குடும்பச் சேவை நிலையம் போன்ற ஓர் இடத்தில் ஊழியர் ஒருவரின் கண்காணிப்பில் சந்திப்பு நடக்க நீதிமன்றம் உத்தரவிடலாம். பிள்ளைக்குப் பாதுகாப்பு, உறவும் முற்றாக அறுந்துபோகாது.

"காசு தரல, பிள்ளையைக் காட்டமாட்டேன்"

இது அடிக்கடி நடக்கும் பண்டமாற்று. எதிர்த்திசையிலும் நடக்கும்: "பிள்ளையைக் காட்டல, அதனால காசு தரமாட்டேன்." இரண்டும் தவறு. பிள்ளையைப் பராமரிக்கும் கடமை பெற்றோருக்கு உண்டு. பிள்ளை யாருடன் வசித்தாலும், பெற்றோர் திருமணம் செய்யாமலே இருந்திருந்தாலும் அது மாறாது. பொதுவாக 21 வயதுவரை. படிப்பு, தேசிய சேவை, உடற்குறை போன்ற காரணங்கள் இருந்தால் அதற்குப் பிறகும் நீளலாம்.

பணம் வரவில்லை என்றால் அதற்குத் தனி வழி உண்டு. 2025ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் நடப்புக்கு வந்த புதிய நடைமுறையில், பணம் கட்டாதவரின் நிதி நிலவரத்தை அதிகாரிகளே திரட்ட முடியும். கட்ட முடியாதவரா, கட்ட மனமில்லாதவரா என்று அதில் தெரிந்துவிடும். சந்திப்பைத் தடுத்தால் அதற்கும் வழி உண்டு. நாடாளுமன்றம் 2022ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட மாதர் சாசனத் திருத்தங்கள் நீதிமன்றத்துக்குக் கூடுதல் அதிகாரம் தந்தன. இழந்த நேரத்துக்கு ஈடாகக் கூடுதல் நேரம் தரச் சொல்லலாம், ஆலோசனைக்குப் போகச் சொல்லலாம், மிகக் கடுமையான சூழலில் அபராதமோ சிறையோ விதிக்கலாம்.

சந்திப்பது அப்பாவின் உரிமை என்று பேசுகிறோம், பராமரிப்புத் தொகை அம்மாவின் பணம் என்று பேசுகிறோம். சாப்பாடும் பிள்ளைக்குத்தான், அப்பாவும் பிள்ளைக்குத்தான்.

சண்டை இல்லாவிட்டால் யார் கேட்பது?

2024ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதியிலிருந்து தம்பதியர் பரஸ்பர உடன்பாட்டின் பேரில் விவாகரத்துக் கோரலாம். யார் குற்றம் என்று நிரூபிக்கத் தேவையில்லை. ஏன் பிரிகிறார்கள், சேர்ந்து வாழ என்ன முயற்சி செய்தார்கள், பிள்ளைகளுக்கு என்ன ஏற்பாடு என்று எழுதித் தரவேண்டும். 21 வயதுக்கு உட்பட்ட பிள்ளை இருந்தால், மனுத் தாக்கல் செய்வதற்கு முன்பே பெற்றோர் இருவரும் இணைந்து பிள்ளை வளர்ப்பது பற்றிய கட்டாயப் பயிற்சியை முடிக்கவேண்டும். பிள்ளைகளைப் பற்றிக் கருத்து வேறுபாடு இருந்தால் சமரசப் பேச்சும் ஆலோசனையும் உண்டு.

இது நல்ல மாற்றம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பழைய முறையில் ஒருவர் மற்றவரைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதவேண்டியிருந்தது. அந்தக் காகிதம் என்றாவது ஒருநாள் பிள்ளையின் கையில் கிடைக்கும்.

ஆனால் ஓர் இடைவெளி இருக்கிறது. நீதிபதி பேசுவது, அறிக்கை, பிரதிநிதி ஆகியவை எல்லாம் பெரும்பாலும் சண்டை நடக்கும் வழக்குகளுக்குத்தான். பெற்றோர் ஒத்துப்போய் ஏற்பாட்டை எழுதித் தந்துவிட்டால், அது பிள்ளையின் நலனுக்கு ஏற்றதா என்று நீதிமன்றம் பார்க்கும். பிள்ளையிடம் நேரில் கேட்கும் தேவை பொதுவாக எழாது. அப்போது பிள்ளையின் குரலைக் கேட்கவேண்டியவர் யார்? நீங்கள்தான்.

எப்படிக் கேட்பது? "யார்கூட?" என்று கேட்காதீர்கள். "எது?" என்று கேளுங்கள். செவ்வாய்க்கிழமை காற்பந்துப் பயிற்சிக்கு யார் கூட்டிப்போனால் வசதி? தேர்வு நேரத்தில் ஒரே வீட்டில் இருக்கவேண்டுமா? பூனை எங்கே இருக்கும்? பாட்டியைப் பார்க்க முடியுமா? தம்பியும் நானும் பிரிவோமா? பிள்ளையின் மனத்தில் ஓடும் கேள்விகள் இப்படித்தான் இருக்கும். அவற்றுக்குப் பதில் சொல்லும்போது யாரும் யாரையும் கைவிடத் தேவையில்லை. "இதை நாங்க ரெண்டு பேரும்தான் முடிவு பண்ணுவோம், உன் மேல எந்தப் பாரமும் இல்ல" என்ற ஒரு வாக்கியத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். முடிந்தால் இருவரும் ஒன்றாக உட்கார்ந்து.

பாதுகாப்பே கேள்வி என்றால்

மேலே சொன்னது எல்லாம் பிள்ளைக்கு ஆபத்து இல்லாத வீடுகளுக்கு. அடி, பாலியல் கொடுமை, கவனிக்காமல் விடுவது என்று வந்துவிட்டால் விஷயம் பெற்றோர் இருவருக்கு இடையிலானது மட்டுமல்ல. சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சின் பிள்ளைப் பாதுகாப்புச் சேவை தலையிடலாம். சிறுவர், இளையர் சட்டத்தின் பாதுகாப்பு 2020ஆம் ஆண்டு ஜூலையிலிருந்து 18 வயதுக்குக் கீழ்ப்பட்டோர் அனைவருக்கும் உண்டு. அதற்குமுன் 16 வயதோடு நின்றுவிட்டது.

"புகார் கொடுத்தா பிள்ளையைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க" என்ற பயம் நம்மிடையே பலருக்கு உண்டு. பிள்ளையை வீட்டிலிருந்து அகற்றுவது கடைசி வழி. அப்படி அகற்றினால் 72 மணி நேரத்துக்குள் இளையர் நீதிமன்றத்தின் முன் கொண்டுவரவேண்டும். அதிகாரி ஒருவரே நினைத்தபடி வைத்துக்கொள்ள முடியாது. பிள்ளையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள உறவினர் இருந்தால் அந்த வழியும் பார்க்கப்படும். மனத்தளவில் துன்புறுத்துவதும் குடும்ப வன்முறைதான் என்பதை 2023ஆம் ஆண்டில் நிறைவேறிய திருத்தம் தெளிவாக்கியது.

ஊருக்குக் கூட்டிப்போகலாமா?

டிசம்பர் விடுமுறை நெருங்கினால் எழும் கேள்வி இது. பிள்ளை பற்றிய நீதிமன்ற உத்தரவு நடப்பில் இருந்தால், மற்றவரின் எழுத்துபூர்வ ஒப்புதலோ நீதிமன்ற அனுமதியோ இல்லாமல் பிள்ளையை வெளிநாட்டுக்கு அழைத்துப்போக முடியாது. பராமரிப்புப் பொறுப்பில் இருப்பவர் ஒரு மாதத்துக்கும் குறைவான பயணம் போகச் சட்டம் விதிவிலக்குத் தருகிறது. உங்கள் உத்தரவில் வேறு நிபந்தனை இருக்கலாம், அதை முதலில் படியுங்கள். பயணச்சீட்டு வாங்கிவிட்டுத் தகவல் சொல்வதைவிட, தேதியைச் சொல்லிவிட்டுச் சீட்டு வாங்குவது நல்லது.

போன பிள்ளை திரும்பாவிட்டால்? எல்லை தாண்டிக் கொண்டுபோகப்பட்ட பிள்ளைகளைத் திருப்பி அனுப்பும் ஹேக் உடன்பாடு சிங்கப்பூரில் 2011ஆம் ஆண்டு மார்ச்சில் நடப்புக்கு வந்தது. இந்தியா அதில் சேரவில்லை. சென்னையிலோ திருச்சியிலோ பிள்ளை இருந்தால் அங்குள்ள நீதிமன்றத்தை நாடவேண்டியிருக்கும். மாதங்கள் ஓடும். அந்தப் பக்கத்துத் தாத்தா பாட்டியைப் பார்க்கவேண்டும் என்ற ஆசை நியாயமானது. மற்றவருக்கு இருக்கும் பயமும் நியாயமானது. திரும்பும் சீட்டின் நகலைக் கொடுப்பதும், தினமும் ஒரு காணொளி அழைப்புக்கு நேரம் குறிப்பதும் பாதிப் பயத்தைக் குறைக்கும்.

முஸ்லிம் தம்பதியர் விவாகரத்துக்கு ஷரியா நீதிமன்றத்தை நாடுகிறார்கள். பிள்ளைப் பராமரிப்பையும் அந்த நீதிமன்றமே விசாரிக்கலாம். உரிய சான்றிதழ் பெற்று, பிள்ளை தொடர்பான விவகாரத்தைக் குடும்ப நீதிமன்றத்தில் விசாரிக்கவும் வழியுண்டு.

யாரிடம் பேசுவது?

தீவு முழுவதும் 40-க்கும் மேற்பட்ட குடும்பச் சேவை நிலையங்கள் இருக்கின்றன. சிண்டாவும் ஒரு நிலையம் நடத்துகிறது. அங்கே தமிழில் பேசலாம். விவாகரத்து முடிவாகியிருக்கத் தேவையில்லை. யோசனையில் இருக்கும்போதே போகலாம். வீட்டில் வன்முறை நடந்தாலோ, பக்கத்து வீட்டில் நடப்பதாகச் சந்தேகம் வந்தாலோ, 24 மணி நேரமும் இயங்கும் தேசிய வன்முறை எதிர்ப்பு உதவித் தொலைபேசி எண்: 1800-777-0000. பெரியவர் யாரிடமும் சொல்ல முடியாமல் தவிக்கும் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிங்கப்பூர்ச் சிறுவர் சங்கத்தின் டிங்கிள் ஃபிரெண்ட் சேவை உண்டு: 1800-2744-788. இந்த எண் பிள்ளைக்கானது. பள்ளிப் பையிலோ கைப்பேசியிலோ குறித்துக் கொடுத்துவிடுங்கள், அழைத்தாயா என்று பிறகு கேட்காதீர்கள்.